விபத்தில் இழுத்துப்போன கார்: யார்ட்டில் நாளுக்கு 95 டொலர் கேட்கிறார்கள், இதற்கு ஒரு வரம்பே இல்லையா? (ஒன்ராறியோ)

மார்க்கம் மகள்

எல்லோருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே அந்தக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

19 நாளைக்கு முன் ஒரு இரவு ஸ்டீல்ஸ் வீதியில் அப்பா இடது பக்கம் திரும்பும்போது எதிரே நேராக வந்த கார் மோதிவிட்டது. யாருக்கும் பெரிய காயமில்லை, அதுவே பெரிய புண்ணியம். பொலிஸ் வர முதலே ஒரு டோ ட்ரக் வந்து நின்றுவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது, அப்பாவுக்குக் கை நடுங்கியது, அந்தப் பையன் ஒரு தாளை நீட்டி "கையெழுத்துப் போடுங்கள் அங்கிள், நடுறோட்டில் நிற்க முடியாது" என்றிருக்கிறான். அப்பா போட்டுவிட்டார். கார் எங்கே போகிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அது வோன் பக்கம், இழுத்த கார்களை நிறுத்தி வைக்கும் ஒரு யார்ட்டுக்குப் போயிருக்கிறது.

கார் 2011 கொரோலா. பழைய கார்தானே என்று போன வருடம்தான் கொலிஷன் காப்புறுதியை (பிழை நம்முடையது என்றாலும் நம் காரின் சேதத்துக்குக் காசு தருவது) நிறுத்தியிருந்தார். இடது பக்கம் திரும்பியவர் அவர் என்பதால் பிழை அவருடையது என்று காப்புறுதிக்காரர் முடிவு சொல்லவே இரண்டு கிழமை எடுத்தார்கள். அந்த இரண்டு கிழமையும் "கூப்பிடுகிறோம், கூப்பிடுகிறோம்" என்றார்களே தவிர, யார்ட்டில் நாள் கணக்கு ஓடுகிறது, முதலில் காரை எடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் விளங்காமல் இருந்துவிட்டோம்.

இன்று யார்ட்டுக்குப் போனேன். கையில் தந்த பில்: இழுவைக்கு 380, தரிப்புக்கு 19 நாள் 95 வீதம் 1,805, கேட் திறக்க 150, நிர்வாகச் செலவு 120. மொத்தம் 2,455, அதற்கு மேல் 13 வீதம் எச்எஸ்டி விற்பனை வரி சேர்த்து 2,774 டொலர் 15 சதம். காசாகத்தான் தர வேண்டுமாம். முன்பக்கம் நசுங்கிய அந்தக் காரை விற்றால் அதில் பாதிகூட வராது. அப்பாவின் இன்சுலின் பையும் மூக்குக் கண்ணாடியும் உள்ளே இருக்கின்றன, அதையாவது தாருங்கள் என்று கேட்டேன். காசு கட்டாமல் காரைத் தொட விடமாட்டோம் என்று கேட்டில் நின்றவர் சொல்லிவிட்டார். ஆளை விட்டுவிட்டு இருபது நிமிடம் என் காருக்குள் இருந்து அழுதேன், பிறகு வந்து இதை எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஒன்ராறியோவில் சட்டம் இல்லையா? சரளைக் கல் போட்ட ஒரு வெளியில், பனிக்குக் கீழே ஒரு கார் சும்மா நிற்பதற்கு 95 டொலரா?

---

கார்த்திகைப்பூ

தங்கச்சி, முதலில் மருந்துப் பையை எடுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம். காரில் இருக்கும் சொந்தப் பொருட்களை உரிமையாளர் எடுத்துக்கொள்ள அவர்கள் விட வேண்டும், அதற்கு ஒரு சதமும் வாங்கக் கூடாது. இது புதிதாக வந்ததும் இல்லை, 2017 ஜனவரியிலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. நாளை காலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு, ஓனர்ஷிப்பையும் (கார் பதிவுத் தாள்) லைசென்ஸையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மறுத்தால் மறுத்தவரின் பெயரையும் நேரத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். காசு மட்டும்தான் என்பதும் பிழை, கிரெடிட் கார்டு எடுக்க வேண்டும்.

நான் சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஒரு பராலீகல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இந்த மாதிரிப் பில் மாதத்துக்கு ஒன்றிரண்டு மேசைக்கு வரும். நீங்கள் கேட்டதற்கு நேரடிப் பதில்: மாகாணம் ஒரே தொகையாக வரம்பு வைக்கவில்லை. ஆனால் 2021-இல் இழுவைக்கும் தரிப்புக்கும் என்றே தனிச் சட்டம் நிறைவேற்றினார்கள். அதன்படி 2024 ஜனவரி 1 முதல் டோ நிறுவனமும் யார்ட்டும் மாகாணப் போக்குவரத்து அமைச்சின் சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. அதே வருடம் ஜூலை 1 முதல் ட்ரக் ஓட்டுபவருக்கும் தனியாகச் சான்றிதழ் வேண்டும். முன்பு இதை நகரத்துக்கு நகரம் வேறு வேறு விதமாக நடத்தினார்கள், சில இடங்களில் ஒன்றுமே இல்லை.

உங்களுக்கு முக்கியமானது இதுதான். ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடைய உச்சக் கட்டண அட்டவணையை அமைச்சிடம் கொடுக்க வேண்டும், அமைச்சு அதை இணையத்தில் போடுகிறது. அட்டவணையில் உள்ளதற்குக் கீழே வாங்கலாம், மேலே வாங்க முடியாது. ஆகவே இன்றிரவே அந்த யார்ட்டின் பெயரைத் தேடி, பில்லையும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பாருங்கள். கேட் திறக்க 150 என்று அதில் இருக்கிறதா? நாள் வாடகை 95 என்று இருக்கிறதா? அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளின் பிரதி ஒன்றை அவருக்குத் தந்திருக்க வேண்டும், அதையும் தேடி எடுங்கள். கார் எங்கே போகிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். விபத்து நடந்த இடத்திலிருந்து 200 மீட்டருக்குள் நின்று "நான் இழுக்கட்டுமா" என்று கேட்பதே சட்டப்படி குற்றம், அது வேறு கதை.

இதற்கு மேல் ஒரு விஷயம், கோபத்தில் மறந்துவிடாதீர்கள். நீங்கள் சண்டை பிடிக்கும் ஒவ்வொரு நாளும் பில்லில் ஏறும். கட்டணத்தில் தகராறு இருந்தால், கேட்கும் தொகையை ஸ்மால் கிளெயிம்ஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) கட்டிவிட்டுக் காரை வெளியே எடுக்க ஒரு வழி இருக்கிறது. திருத்தல், தரிப்புப் பற்றுரிமைச் சட்டத்தின் (காசு வரும்வரை வாகனத்தைப் பிடித்து வைக்கும் உரிமை பற்றிய சட்டம்) 24ஆம் பிரிவு. கோர்ட் ஒரு சான்றிதழ் தரும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார்ட்டுக்காரர் மூன்று நாளுக்குள் கோர்ட்டில் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் காரை விட வேண்டும். காசு கோர்ட்டில் இருக்கும், கார் உங்களிடம் இருக்கும், நாள் கணக்கு நின்றுவிடும், யார் சரி என்பதை ஆறுதலாகப் பேசலாம். கையில் காசு இல்லாதவருக்கு இதுவும் கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

---

வடமராட்சியான்

நான் பன்னிரண்டு வருடமாக டோ ட்ரக் ஓடுகிறேன், இப்போது சின்னதாக ஒரு யார்ட்டும் இருக்கிறது. பிள்ளையின் கதையை வாசிக்க வெட்கமாக இருக்கிறது. இன்சுலினை வைத்துக்கொண்டு காசு கேட்பது தொழில் இல்லை.

ஆனால் இந்தத் தொழில் ஏன் இப்படி ஆனது என்பதையும் நான்கு பேர் அறிய வேண்டும். இழுவையில் பெரிய லாபம் இல்லை. நிறுத்தி வைப்பதிலும், கராஜுக்கு அனுப்புவதிலும், வாடகைக் கார் பிடித்துக் கொடுப்பதிலும்தான் காசு. விபத்தான ஒரு கார் கையில் கிடைத்தால் அதிலிருந்து நான்கு பேர் சாப்பிடலாம். அதனால்தான் அந்தக் காருக்காக ஆளை ஆள் சுட்டார்கள். 2019, 2020-இல் இந்தப் பக்கம் இரவில் டோ ட்ரக்குகள் எரிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். யோர்க் பொலிஸ் 2020 மே மாதம் 'புராஜெக்ட் பிளாட்டினம்' என்று ஒரே அடியாகப் பலரைப் பிடித்தார்கள், அடுத்த மாதமே மாகாணம் ஒரு பணிக்குழு அமைத்தது. கார்த்திகைப்பூ சொன்ன 2021 சட்டம் அதற்குப் பின்னால் வந்ததுதான். அந்த நாட்களில் நான் இரவு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன், மனைவி விடவில்லை. நேர்மையாக ஓடியவன்தான் முதலில் ஒதுங்கினான்.

யார்ட்டுக்கு வருகிறேன். வேலி, கேமரா, இரவில் லைட், காப்புறுதி, எல்லாவற்றுக்கும் மேலே நிலத்தின் வாடகை. ரொறன்ரோவைச் சுற்றி ட்ரக் வந்து திரும்பக்கூடிய வெளி நிலம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. என்னுடைய அட்டவணையில் நாளுக்கு 65 போட்டிருக்கிறேன், அதில் எனக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். காப்புறுதி நிறுவனங்கள் கார்களைக் கிழமைக் கணக்கில் விட்டுவிட்டுப் போகின்றன, கடைசியில் வந்து பில்லில் பாதி தருகிறோம் என்கின்றன. மாகாணம் முழுவதற்கும் ஒரே தொகை என்று வைத்தால், நிலம் மலிவான சட்பரியில் இருப்பவனுக்கு அது கொள்ளை லாபம், வோனில் இருப்பவனுக்கு நட்டம்.

ஆகவே ஒரே விலை வேண்டாம் என்பதுதான் என்னுடைய கருத்து. ஆனால் 95, அதற்கு மேல் கேட் காசு என்பதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். பகல் வேலை நேரத்தில் கேட் திறப்பதற்கு என்ன செலவு?

---

டாலஸ்காரன்

டாலஸில் ஏழு வருடம் இருந்துவிட்டு போன வருடம்தான் மிசிசாகா வந்தேன். அங்கே என் கார் ஒரு அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலிருந்து இழுக்கப்பட்டது, அதனால் அந்த மாநிலச் சட்டம் மனப்பாடம்.

டெக்சஸில் சேமிப்பு இடத்துக்கு நாள் வாடகை எவ்வளவு என்பதை மாநிலம்தான் வைத்திருக்கிறது. 25 அடி வரையுள்ள வண்டிக்குச் சட்டத்தில் எழுதிய அடிப்படைத் தொகை 20 டாலர், விலைவாசிக்கு ஏற்ப அதைக் கொஞ்சம் உயர்த்துவார்கள், அவ்வளவுதான். டாலஸ் நகரத்து நிலமும் மலிவு கிடையாது, இருந்தும் தொழில் நடக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. உங்கள் வண்டி எங்களிடம் இருக்கிறது என்று பதிவு உரிமையாளருக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்பும்வரை ஐந்து நாளுக்கு மேல் வாடகை போட முடியாது. அறிவிப்பு போகவில்லையா, மீட்டர் நிற்கும். அக்காவின் அப்பா விஷயத்தில் இந்த ஒரு விதி இருந்திருந்தால், மூன்றாம் நாளே வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கும், நாலாம் நாள் வண்டியை எடுத்திருப்பார். இழுத்தது நியாயமா என்று கேட்க 14 நாளுக்குள் உள்ளூர் நீதிபதியிடம் விசாரணையும் கேட்கலாம். நான் கேட்டேன், ஜெயித்தேன், காசு திரும்ப வந்தது.

---

கார்த்திகைப்பூ

டாலஸ் தம்பி சொன்னதுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இங்கேயும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது மார்க்கம் மகளின் அப்பாவுக்கு உதவாது, அதுதான் என் ஆதங்கம். உரிமையாளருக்குத் தெரியாமல் வேறு யாரோ ஒருவர் வாகனத்தைக் கொண்டுபோய் விட்டிருந்தால், யார்ட்டுக்காரர் 15 நாளுக்குள் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அந்த 15 நாளுக்கு மேல் உள்ள தொகைக்கு வாகனத்தைப் பிடித்து வைக்க முடியாது. முன்பு இது 60 நாளாக இருந்தது, குறைத்தது பெரிய காரியம். ஆனால் அப்பா தானே கையெழுத்துப் போட்டவர், அதனால் "உங்களுக்குத் தெரியும்தானே" என்று சொல்லிவிடுவார்கள். பனியில் நடுங்கிக்கொண்டு போட்ட கையெழுத்து! விபத்து நடந்த இரவில் ஒரு மனிதர் எந்த நிலையில் இருப்பார் என்பதை அறிந்த எவரும், அந்தக் கையெழுத்தை வைத்து 19 நாள் கணக்குப் போட மனம் ஒப்பமாட்டார்.

---

ஈஸ்ட்ஹாம் வாசி

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பொலிஸ் சொல்லி இழுத்த வாகனத்துக்கு என்ன கட்டணம் என்பது சட்ட ஒழுங்குவிதியிலேயே அட்டவணையாக இருக்கிறது. கார் நிமிர்ந்து நிற்கிறதா, கவிழ்ந்து கிடக்கிறதா, றோட்டில் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா, எடை எவ்வளவு என்று பெட்டி பெட்டியாகப் பிரித்திருப்பார்கள். 2008-இல் வைத்த தொகை பதினைந்து வருடம் மாறாமல் இருந்தது, சாதாரணக் காருக்கு இழுவை 150 பவுண், தரிப்பு நாளுக்கு 20. 2023-இல் 192, 26 என்று கூட்டினார்கள். பதினைந்து வருடம் கூட்டாமல் விட்டது பிழை என்று இழுக்கிறவர்கள் கத்தினார்கள், அது நியாயமான கத்தல், டீசல் விலை அப்படியா நின்றது? வரம்பு வைத்தால் வருடா வருடம் அதைப் பார்க்கவும் வேண்டும். வடமராட்சி அண்ணை பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

---

மோர்னிங்சைட் அப்பா

என் கதை வேறு, ஆனால் யார்ட் அதே யார்ட்தான். போன கோடையில் மகன் என் காரில் 401 நெடுஞ்சாலையில் வேக வரம்பைவிட 50 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக ஓடிப் பிடிபட்டான். ஸ்டண்ட் டிரைவிங். லைசென்ஸை 30 நாள் நிறுத்தினார்கள், காரை 14 நாள் பிடித்து வைத்தார்கள். மகன் செய்தது பிழை, அதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் கார் என் பெயரில், நான் வீட்டில் நித்திரை, 14 நாள் காரை எடுக்க எனக்கு அனுமதியே இல்லை, அந்த 14 நாளுக்கும் வாடகை என் தலையில். சந்தையில் போய் மலிவான யார்ட் பார்த்து மாற்றவும் முடியாது. அரசாங்கமே பிடித்து வைக்கச் சொல்கிறது என்றால் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் அரசாங்கமே சொல்ல வேண்டாமா? எனக்கு அந்த இடம்தான் இன்றுவரை விளங்கவில்லை.

---

மார்க்கம் மகள்

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கார்த்திகைப்பூ அக்கா சொன்னபடி அட்டவணையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். அதில் நாள் வாடகை 75 என்றுதான் இருந்தது, 95 இல்லை. கேட், நிர்வாகம் என்று ஒரு வரியும் இல்லை. முதலில் பொருளை எடுக்க வேண்டும் என்று சொல்லி அந்தச் சட்டத்தைச் சொன்னதும், நேற்று நின்ற அதே ஆள் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். இன்சுலின் உறைந்து போயிருந்தது, எறிய வேண்டியதாயிற்று. கண்ணாடி சரியாக இருந்தது. டாஷ்போர்டுக்குள் சம்மதத் தாளின் மஞ்சள் பிரதியும் இருந்தது. அதில் கார் போகும் இடம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

இரண்டு தாளையும் மேசையில் வைத்தேன். அரை மணிநேரம் உள்ளே போய் யாரோடோ பேசிவிட்டு வந்தார்கள். புதுப் பில்: இழுவை 380, தரிப்பு 19 நாளுக்கு 75 வீதம் 1,425, வரியோடு 2,039 டொலர் 65 சதம். இன்றைய நாளைச் சேர்க்கவில்லை. 734 டொலர் 50 சதம் ஒரு அச்சுத் தாளால் குறைந்தது. கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, காரை அங்கிருந்தே பழைய இரும்புக்கு எடுக்கும் ஒருவருக்கு 600-க்குக் கொடுத்துவிட்டோம். அப்பா கடைசியாக ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். பதின்மூன்று வருடம் அம்மாவை டயலிசிஸுக்குக் கொண்டுபோன கார் அது.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை, காரணம் அந்த 734 இல்லை, மிச்சம் கட்டிய 2,039. அது முழுக்க அட்டவணைப்படி சரி. கட்டண அட்டவணையை வெளியிடுவது நல்லதுதான், அது இல்லாவிட்டால் நான் 2,774 கட்டியிருப்பேன். ஆனால் அட்டவணை பார்த்து யார்ட் தெரிவு செய்கிற இடத்திலா அப்பா நின்றார்? கோழி வாங்கும்போது மூன்று கடை விசாரிக்கிறோம். நொறுங்கிய காருக்குப் பக்கத்தில் இரவு பத்து மணிக்கு நிற்பவருக்கு எந்தக் கடையை விசாரிக்க நேரம் இருக்கிறது? விலையை அவர்களே வைத்து, அவர்களே எழுதிக் கொடுத்து, அதை அரசாங்கம் அச்சடித்தால் அது வரம்பு ஆகாது. நாளை அவர்கள் 75-ஐ 120 என்று மாற்றிக் கொடுத்தால் என்ன செய்வது?

வடமராட்சி அண்ணா, நிலம் விலை என்பது எனக்கு விளங்குகிறது. வோனுக்கு ஒன்று, சட்பரிக்கு ஒன்று என்று பகுதி பகுதியாகவே வைக்கட்டும், வருடா வருடம் பார்க்கட்டும். அதிலும் உங்களுக்கு மறுப்பு இருக்கிறதா?

---

வடமராட்சியான்

பகுதி பகுதியாக என்றால் எனக்கு மறுப்பில்லை பிள்ளை. 401-இல் ஹைவே 400 தொடக்கம் மோர்னிங்சைட் வரை 2021 டிசம்பரிலிருந்து அந்தப் பகுதிக்கு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் மட்டும்தான் இழுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள், அந்த வீதியில் ட்ரக்குகள் ஒன்றையொன்று துரத்துவது நின்றுவிட்டது. பகுதி பிரிக்க அவர்களுக்குத் தெரியும், அங்கே செய்தவர்கள் யார்ட்டுக்கும் செய்யலாம். அறிவிப்பு அனுப்பும்வரை கணக்கு ஓடக் கூடாது என்ற டாலஸ் தம்பியின் விதியையும் சேர்க்கட்டும், என்னைப் போல் சின்ன யார்ட் வைத்திருப்பவனுக்கு ஒரு கடிதம் அனுப்புவது பெரிய செலவில்லை. காப்புறுதிக்காரர் காரைப் பார்க்க வர எத்தனை நாள் எடுக்கலாம் என்பதற்கும் ஒரு நாள் கணக்கு வைத்தால் எங்கள் பக்கமும் நியாயம் கிடைக்கும். அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

---

கார்த்திகைப்பூ

734 குறைந்ததோடு விடாதீர்கள். அட்டவணைக்கு மேல் பில் போட்டதும், இடம் எழுதாத சம்மதத் தாளும் தனித்தனி மீறல்கள். முதல் பில், இரண்டாம் பில், மஞ்சள் பிரதி, அட்டவணை நான்கையும் படமெடுத்து அமைச்சுக்கு முறைப்பாடு அனுப்புங்கள். நீங்கள் அச்செடுத்துக்கொண்டு போனீர்கள், குறைத்தார்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர் 95 கட்டிவிட்டுத்தான் போயிருப்பார்.

---

மார்க்கம் மகள்

இன்றிரவு அனுப்பிவிட்டேன் அக்கா. எங்கள் தொகுதியின் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது, சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். பகுதிவாரி வரம்பு, அறிவிப்பு வரும்வரை கணக்கு நிற்பது, 14 நாள் கட்டாயமாகப் பிடித்து வைக்கும் வாகனங்களுக்கு அரசாங்கமே வைக்கும் கட்டணம், மூன்றையும் கேட்கப் போகிறேன். வடமராட்சி அண்ணா கேட்ட காப்புறுதி நாள் கணக்கையும் சேர்த்து எழுதுகிறேன். மோர்னிங்சைட் ஐயா, உங்கள் பில் இன்னும் கையில் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பெயரை மறைத்துவிட்டு என்னுடையதோடு சேர்த்துக் கொண்டுபோகிறேன். வேறு யாரிடமாவது பழைய யார்ட் பில் இருந்தாலும் அனுப்புங்கள்.